லாக் புத்தகம் உள்ளே, கால்குலேட்டர் வெளியே

பி.யூ.சி.யோ பாலிடெக்னிக்கோ படித்த மூத்த தலைமுறையிடம் ‘கிளார்க்ஸ் டேபிள்’ என்ற பெயரைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. மடக்கை, எதிர்மடக்கை, சைன், காஸ், டேன், வர்க்கமூலம் என்று பக்கத்துக்குப் பக்கம் எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய மெல்லிய புத்தகம் அது. அண்ணன் படித்து முடித்தால் தம்பிக்கு வரும். தம்பி முடித்தால் பக்கத்து வீட்டுக்குப் போகும். பரீட்சை ஹாலுக்குள் எல்லோரும் பார்க்கக் கையில் எடுத்துக்கொண்டு போக முடிந்த புத்தகம் அது ஒன்றுதான். ஓரத்தில் பென்சிலால் ஏதாவது சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார்களா என்று கண்காணிப்பாளர் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். அவ்வளவோடு சரி.

24.6-ஐ 3.57-ஆல் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாக் பக்கத்தின் இடது ஓரத்தில் 24-ஐத் தேடிப் பிடித்து, அதே வரிசையில் 6-ஆம் பத்திக்கு விரலை நகர்த்தினால் 3909 கிடைக்கும். புள்ளிக்கு முன்னால் இரண்டு இலக்கம் இருப்பதால் ‘கேரக்டரிஸ்டிக்’ 1. ஆக 1.3909. அதேபோல 3.57-க்கு 0.5527. இரண்டையும் கூட்டினால் 1.9436. அடுத்து ஆன்டிலாக் பக்கம். .94 வரிசையில் 3-ஆம் பத்தியில் 8770. வலது கோடியில் உள்ள ‘மீன் டிஃபரன்ஸ்’ கட்டத்தில் 6-க்கு நேரே 12. கூட்டினால் 8782. புள்ளியை அதன் இடத்தில் வைத்தால் விடை 87.82. நேரடியாகப் பெருக்கினால் 87.822 வரும். ஒன்றுக்குக் குறைந்த எண் கணக்கில் வந்துவிட்டால், தலைமேல் கோடு போட்ட ‘பார் ஒன்’, ‘பார் டூ’ எல்லாம் வந்து சேரும். நிறையப் பேர் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்ட இடம் அதுதான்.

இவ்வளவும் எதற்கு? இரண்டு எண்களைப் பெருக்குவதற்கு. கிளார்க்ஸ் டேபிளும் கணக்குப் போடும் கருவிதான். காகிதத்தில் அச்சான கருவி. பெருக்கலைத் தானே போடாமல், வேறு யாரோ எப்போதோ போட்டு வைத்த விடையை மாணவர் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். அதைக் குற்றம் என்று யாரும் சொன்னதில்லை. பாட்டரி போட்ட கருவி வந்தபோதுதான் உலகெங்கும் பள்ளிகளும் தேர்வு வாரியங்களும் கலங்கின. அந்தக் கலக்கத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், தேர்வு என்பது எதைச் சோதிக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு காலத்திலும் சொன்ன பதில் கிடைக்கிறது.

மடக்கையை உலகுக்குத் தந்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். அவருடைய நூல் 1614-இல் வெளியானது. லண்டனில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் அதைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டே நேப்பியரைத் தேடி எடின்பரோவுக்குப் பயணமானார். பத்தை அடிமானமாக வைத்தால் கையாள்வது எளிது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். நேப்பியர் 1617-இல் இறந்துவிட, வேலை பிரிக்ஸின் தலையில் விழுந்தது. 1624-இல் அவர் வெளியிட்ட நூலில் 1 முதல் 20,000 வரையும், 90,000 முதல் 1,00,000 வரையும் உள்ள எண்களுக்கு 14 தசம இடங்கள் வரை மடக்கை இருந்தது. எல்லாமே கையால் கணக்கிட்டவை. வானியலாளரும் மாலுமியும் அந்த உழைப்பை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அனுபவித்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு அது நான்கிலக்க வாய்பாடாகச் சுருங்கி வந்து சேர்ந்தது.

அதன் தம்பிதான் ஸ்லைடு ரூல். 1620-களில் வில்லியம் ஆட்ரெட் உருவாக்கியது. மடக்கை அளவில் கோடு போட்ட இரண்டு பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தினால் பெருக்கலும் வகுத்தலும் கண்முன் வந்து நிற்கும். மூன்று இலக்கத் துல்லியம் உறுதி. தசமப்புள்ளியை எங்கே வைப்பது என்பதை அது சொல்லாது. பயன்படுத்துபவர்தான் மனதுக்குள் மதிப்பிட வேண்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தாலும் கேம்பிரிட்ஜில் படித்தாலும் அந்தக் காலப் பொறியியல் மாணவரின் அடையாளம் அந்தப் பட்டைதான். தேர்வு அறையிலும் அதற்குத் தடை இருந்ததில்லை.

1972 பிப்ரவரியில் ஹியூலட்-பேக்கார்ட் நிறுவனம் எச்பி-35 என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சட்டைப்பையில் அடங்கும் அளவு. மொத்தம் 35 பொத்தான்கள், பெயரும் அதனால் வந்ததுதான். மடக்கை, சைன், காஸ் எல்லாம் ஒரே தட்டில் வந்தன. விலை 395 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 3,000 ரூபாய். சுங்க வரி தனி. அதே ஆண்டு ஜப்பானில் கேசியோ மினி 12,800 யென்னுக்கும், பிரிட்டனில் சின்க்ளேர் எக்ஸிகியூட்டிவ் 79.95 பவுண்டுக்கும் வந்தன. இவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் செய்யும் எளிய ரகங்கள். நான்கே ஆண்டுகள். 1976-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ், மடக்கையும் முக்கோணவியலும் தெரிந்த டிஐ-30 கருவியை 24.95 டாலருக்கு விற்றது. ஸ்லைடு ரூல் தயாரித்துவந்த பெரிய கம்பெனிகள் 1970-களின் நடுவில் பட்டறையை மூடின. முந்நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்த கருவி ஒன்று நாலைந்து வருடத்தில் கடையிலிருந்து மறைந்துபோனது.

பள்ளிக்கூடங்களில் எழுந்த முதல் கேள்வி காசு பற்றியது. வசதியான வீட்டுப் பிள்ளை கருவியோடு வரும், இல்லாத வீட்டுப் பிள்ளை லாக் புத்தகத்தோடு வரும். இருவருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம். இது நியாயமா? நியாயமில்லைதான். ஆரம்பக் காலத் தடைகளுக்கு இந்த வாதம் வலுவான அடித்தளமாக இருந்தது. விலை சரியச் சரிய வாதமும் தளர்ந்தது. அதன் இடத்தில் இரண்டாவது அச்சம் வந்து உட்கார்ந்தது: பொத்தானைத் தட்டிப் பழகிய பிள்ளைக்கு வாய்ப்பாடு மறந்துபோகாதா?

இந்த அச்சத்தைப் பிரிட்டன் அரசு முறையாக விசாரித்தது. வில்ஃப்ரெட் காக்ராஃப்ட் தலைமையிலான குழு பள்ளிக் கணிதம் பற்றி 1982-இல் தந்த அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கிடைத்த ஆய்வுகளை எடைபோட்டுப் பார்த்தால், கால்குலேட்டர் அடிப்படைக் கணக்குத் திறனைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்பது குழுவின் முடிவு. மனக்கணக்கைக் கைவிடக் கூடாது என்பதையும் அதே அறிக்கை வலியுறுத்தியது. அமெரிக்காவில் கணித ஆசிரியர்களின் தேசியக் கழகம் 1980-லேயே எல்லா வகுப்புகளிலும் கால்குலேட்டர் பயன்பட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. ரே ஹெம்ப்ரீ, டொனால்ட் டெசார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளைத் தொகுத்து 1986-இல் வெளியிட்ட கட்டுரையும் ஏறக்குறைய இதே பக்கம் சாய்ந்தது. ஒரு விதிவிலக்கையும் மறைக்காமல் சொன்னது: நான்காம் வகுப்பில் மட்டும், கால்குலேட்டர் பழக்கம் அடிப்படைத் திறனைத் தடுப்பதாகத் தோன்றியது.

எய்மி எலிங்டன் 2003-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்தபோது இன்னொரு செய்தி துலங்கியது. வகுப்பிலும் தேர்விலும் கால்குலேட்டர் இருந்த மாணவர்களின் திறன்கள் மேம்பட்டிருந்தன. வகுப்பில் கொடுத்துவிட்டுத் தேர்வில் பிடுங்கிக்கொண்ட இடத்தில் அப்படிப்பட்ட பலன் தென்படவில்லை, கெடுதலும் இல்லை. பாடத்தையும் பரீட்சையையும் தனித்தனியாக முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

அமெரிக்கத் தேர்வு வாரியமான காலேஜ் போர்டு இதில் தடுமாறித்தான் நடந்தது. பள்ளி இறுதியில் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. கால்குலஸ் தேர்வில் 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகள் கால்குலேட்டரை அனுமதித்தது. அடுத்த ஆண்டே எடுத்துவிட்டது. 1993-இல் மறுபடி அனுமதி. 1995-இல் வரைபடம் போடும் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் என்றானது. பத்தாண்டுக்குள் தடை, கட்டாயமாக மாறிவிட்டது! லட்சக்கணக்கானவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்விலோ 1994 மார்ச்சில் முதல்முறையாகக் கால்குலேட்டர் உள்ளே வந்தது. அங்கே கட்டாயமில்லை, எந்தக் கணக்கையும் அது இல்லாமலே போட முடியும்படி கேள்வி அமைப்போம் என்று வாரியம் வாக்குக் கொடுத்தது.

கிராஃபிங் கால்குலேட்டர் என்ற இனத்தை 1985-இல் எஃப்எக்ஸ்-7000ஜி மூலம் தொடங்கிவைத்தது கேசியோ. ஆனால் பள்ளியைப் பிடித்தது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் வெய்ட்ஸ், ஃபிராங்க் டெமானா இருவரும் இந்தக் கருவியை வைத்துப் பாடம் நடத்தும் வழியை ஊர் ஊராக ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார்கள். 1990-இல் டிஐ-81, 1996-இல் டிஐ-83, 2004-இல் டிஐ-84 பிளஸ். இங்கே ஒரு வருத்தமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மற்ற மின்னணுப் பொருள்களெல்லாம் விலை சரிந்துகொண்டே போன காலத்தில், டிஐ-84 வரிசை இருபது ஆண்டு கழித்தும் நூறு டாலருக்கு மேலேயே விற்றது. தேர்வு வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது, ஆசிரியருக்குப் பழகியிருக்கிறது, பாடப்புத்தகத்தில் அதன் பொத்தான் படம் இருக்கிறது என்றால், பெற்றோர் வேறு எங்கே போவார்கள்? கருவியே வேண்டாம் என்று 1970-களில் சொல்லவைத்த அதே சமத்துவப் பிரச்சினை, கருவி கட்டாயமானதும் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

விதிமுறைகள் நீண்டுகொண்டே போனதும் இந்தக் காலத்தில்தான். 1995-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் டிஐ-92 என்ற கருவியை வெளியிட்டது. எண்ணை மட்டுமல்லாமல் இயற்கணிதக் கோவையையே சுருக்கும், காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். தட்டச்சுப் பொறியைப் போன்ற முழு எழுத்துப் பலகை அதில் இருந்தது. எஸ்.ஏ.டி. விதி எழுத்துப் பலகை உள்ள கருவிகளைத் தடுத்ததால் அது வெளியே நின்றது. 1998-இல் அதே இயற்கணித ஆற்றலோடு, எழுத்துப் பலகை மட்டும் இல்லாமல் டிஐ-89 வந்தது. எஸ்.ஏ.டி. அதை அனுமதித்தது. எஸ்.ஏ.டி.க்குப் போட்டியாக நடக்கும் ஏ.சி.டி. தேர்வோ இயற்கணிதம் செய்யும் கருவியே கூடாது என்று டிஐ-89-ஐயும் தடுத்தது. ஒரே மாணவர், ஒரே கருவி, ஒரு சனிக்கிழமை செல்லும், இன்னொரு சனிக்கிழமை செல்லாது. ஒரு வாரியம் கருவியின் வெளித்தோற்றத்தைப் பார்த்தது, இன்னொன்று உள்ளே இருக்கும் மூளையைப் பார்த்தது. ஏ.சி.டி. செய்ததுதான் சரி என்றே தோன்றுகிறது. எதைச் சோதிக்கிறோம் என்று யோசித்து வைத்த விதி அது.

இப்படிப்பட்ட விதிகளைப் பொறுமையாக வாசித்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காலத்துக் கருவி நிற்பது தெரியும். காகிதச் சுருள் இருந்தால் கழற்றிவிட வேண்டும் என்று ஏ.சி.டி. சொன்னது; அச்சிடும் கால்குலேட்டர்களின் காலம் அது. சத்தம் போட்டால் சத்தத்தை நிறுத்த வேண்டும். மின்கம்பி இருந்தால் எடுத்துவிட வேண்டும். எச்பி-48 வரிசைக் கருவிகளில் அகச்சிவப்புக் கதிர் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும் வசதி இருந்தது. முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்கு விடை போகலாம் என்ற நியாயமான பயத்தில், அந்தத் துளையை ஒளி புகாத தடித்த டேப் போட்டு மூடு என்றது விதி. இங்கிலாந்தில் தேர்வு வாரியங்களின் கூட்டுக் குழு வகுத்த விதிப்படி, சூத்திரமோ செயல்முறைக் குறிப்போ அச்சிட்ட மூடியும் உறையும் கால்குலேட்டரோடு உள்ளே வரக் கூடாது. பாட்டரி தீர்ந்துபோனால் பொறுப்பு மாணவருடையது. நினைவகத்தில் இருப்பதை அழிப்பதும் அவர் கடமை. மொழிபெயர்ப்பு வசதி, இணையத் தொடர்பு, குறியீட்டு இயற்கணிதம் எதுவும் கூடாது.

நினைவகத்தோடு மிக நீண்ட மல்யுத்தம் நடத்திய நாடு பிரான்ஸ். பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவில் நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டர்களை நெடுங்காலம் தாராளமாக அனுமதித்தார்கள். 1999-இல் வந்த சுற்றறிக்கை கருவியின் நீள அகலத்துக்குத்தான் வரம்பு வைத்தது. உள்ளே என்ன இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தவில்லை. நினைவகம் பெருகப் பெருக, மாணவர்கள் பாடக்குறிப்புகளையே கருவிக்குள் தட்டச்சு செய்து எடுத்து வந்தார்கள். வரலாறு முழுக்கத் துண்டுச் சீட்டுக்கு எதிராகப் போராடிய தேர்வுமுறை, துண்டுச் சீட்டை மின்னணு வடிவில் அனுமதித்துக்கொண்டிருந்தது. 2015-இல் புதிய சுற்றறிக்கை வந்தது. தேர்வு தொடங்கும்போது மாணவர் கருவியில் ‘தேர்வு நிலை’யை இயக்க வேண்டும், நினைவகம் பூட்டிக்கொள்ளும், கருவியின் தலையில் ஒரு சிறு விளக்கு விட்டு விட்டு எரியும். கண்காணிப்பாளர் வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போதே எந்த மேசையில் விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பழைய கருவிகளில் இந்த விளக்கு இல்லாததால் விதி நடைமுறைக்கு வருவது பலமுறை தள்ளிப்போனது. வந்தபோது புதுக் கருவி வாங்கும் செலவு குடும்பங்களின் மேல் விழுந்தது. நிரலும் நினைவகமும் இல்லாத சாதாரணக் கருவி வைத்திருப்பவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

விதியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. கருவி உள்ளே வந்தாலும் வராவிட்டாலும் கேள்வித்தாள் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஜே.இ.இ., நீட் இரண்டிலும் கால்குலேட்டருக்கும் இடமில்லை, லாக் புத்தகத்துக்கும் இடமில்லை. அதனால் கேள்வி அமைப்பவர் எண்களைப் பொறுக்கி எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. வேதியியல் கணக்கின் அடியில் லாக் 2-இன் மதிப்பை 0.3010 என்று கொள்க என்ற குறிப்பு இருக்கும். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பயிற்சி பெற்ற மாணவருக்கு இது தெரியும். கடைசி வரியில் எண்கள் அழகாக அடிபட்டுப் போகவில்லை என்றால் எங்கேயோ தப்பு என்று உடனே திரும்பிப் பார்ப்பார். ஆய்வகத்தில் கிடைக்கும் அளவீடுகள் ஒருநாளும் அப்படி அடிபட்டுப் போவதில்லை. உண்மையான மக்கள்தொகை எண், உண்மையான வட்டி விகிதம், உண்மையான மழையளவு எதையும் வைத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேள்வி கேட்க முடியாமல் போவதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம். கருவியைத் தாராளமாக அனுமதித்தாலும் வேறு வகையில் இழப்பு வரும்: பின்னத்தைச் சுருக்குவது, கோவையைக் காரணிப்படுத்துவது போன்ற கைப்பழக்கத்தைச் சோதிக்க வழியில்லாமல் போய்விடும்.

அதனால்தான் பல நாடுகள் தேர்வையே இரண்டாகப் பிரித்தன. சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வில் 2009 முதல் கணக்கின் இரண்டாம் தாளில் கால்குலேட்டர் உண்டு, முதல் தாளில் இல்லை. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலேயே இரண்டு விதமாகவும் கணக்குப் போடப் பழகிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் மூன்று தாள். முதல் தாளில் கருவி இல்லை. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைகளின் தேசியத் தேர்வில் இருந்த கால்குலேட்டர் தாளை இங்கிலாந்து எடுத்துவிட்டது. கல்வித் துறையில் இணை அமைச்சராக இருந்த எலிசபெத் டிரஸ் 2012-இல் அறிவித்து, 2014-இல் அது நடைமுறைக்கு வந்தது. சென்னையிலும் கோவையிலும் ஐ.ஜி.சி.எஸ்.இ. நடத்தும் பள்ளிகளுக்கு வரும் கேம்பிரிட்ஜ் கணிதப் பாடத்திட்டத்திலும் 2025 முதல் கருவியில்லாத் தாள் ஒன்று சேர்ந்திருக்கிறது. முழுத் தடை, முழு அனுமதி என்ற இரண்டு முனைகளிலிருந்தும் உலகம் நடுவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் கால்குலேட்டரின் கதை தமிழரோடும் சேர்ந்தது. திருச்செந்தூர் அருகே மூலைப்பொழியில் பிறந்து கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சிவ் நாடார், டி.சி.எம். நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்தவர். பின்பு நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய மைக்ரோகாம்ப் நிறுவனமும் கால்குலேட்டர் விற்றுத்தான் முதல் சேர்த்தது. அந்த முதலில் எழுந்ததே எச்.சி.எல். உள்நாட்டிலேயே கருவி தயாராகிக் கடைக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. வணிகமும் பொறியியலும் அதை ஏற்றுக்கொண்டன. பட்டயக் கணக்காளர் தேர்வின் விதி துல்லியமானது: பாட்டரியில் இயங்க வேண்டும், ஆறு செயல்கள், 12 இலக்கம், இரண்டு நினைவகம், இவற்றுக்கு மேல் கூடாது, சத்தம் வரக் கூடாது, கம்பி இருக்கக் கூடாது. பொறியியல் கல்லூரிகளில் நிரல் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் பேனா, பென்சிலோடு சேர்ந்து வரும் சாமான். ஐ.எஸ்.சி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் என்று மாதிரியின் பெயரையே சொல்லி அனுமதிக்கிறது.

சி.பி.எஸ்.இ. தாள்களில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்ற வரி ஆண்டுதோறும் அச்சாகிறது. தேவைப்பட்டால் லாக் டேபிள் பயன்படுத்தலாம் என்ற வரியும் பல ஆண்டுகள் அதன் பக்கத்திலேயே இருந்தது. சிறப்புத் தேவை உள்ள மாணவர்களுக்கு மட்டும் முன் அனுமதியோடு சாதாரண கால்குலேட்டருக்கு அதே வாரியம் இடம் தருகிறது. எண்களோடு மல்லாடும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. இந்த ஒரு சலுகையிலேயே வாரியம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறது: கணக்கைப் புரிந்துகொள்வதும் எண்களைப் பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றல்ல.

மாணவர் எந்தக் கருவியைக் கொண்டுவரலாம் என்ற கேள்வியே இப்போது பழையதாகிவருகிறது. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வில் 2016 முதல் சொந்தக் கருவிக்கு அனுமதி இல்லை. திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தெரியும், மவுஸால் பொத்தானைச் சொடுக்கிச் சொடுக்கிக் கணக்குப் போட வேண்டும். கை தேறாவிட்டால் நேரம் போய்விடும் என்பதால் அந்தத் திரைக் கருவியிலேயே மாதக்கணக்கில் பழகுகிறார்கள். இந்தியாவுக்குப் பிறகுதான் எஸ்.ஏ.டி. அந்த வழிக்கு வந்தது. 2016-இல் கருவியில்லாப் பகுதி ஒன்றை வைத்துப் பார்த்த காலேஜ் போர்டு, 2023-இல் வெளிநாடுகளிலும் 2024-இல் அமெரிக்காவிலும் தேர்வைக் கணினிக்கு மாற்றியபோது, டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டரை எல்லோருடைய திரையிலும் இலவசமாகத் திறந்துவைத்தது. நூறு டாலர் கொடுத்து வாங்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இப்போது ஒரே கருவி. நைஜீரியாவில் மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வுக் கழகம் தன் பெயர் பொறித்த கால்குலேட்டரைத் தானே மாணவர்களுக்குக் கொடுக்கிறது. மூடியைப் பார், நினைவகத்தைப் பார், டேப்பை ஒட்டு என்ற வேலையெல்லாம் அங்கே மிச்சம்.

ஐம்பதாண்டுத் தகராறுக்கு நியாயமான தீர்வு இதுதான். நம்முடைய பள்ளி வாரியங்களும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை கருவியே வேண்டாம். வாய்ப்பாடும் மனக்கணக்கும் கையில் நிற்கட்டும். நான்காம் வகுப்பு பற்றிய அந்த எச்சரிக்கையை மதிக்கத்தான் வேண்டும். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் கணக்குக்கு ஒரு பகுதி கருவியோடும் ஒரு பகுதி கருவியில்லாமலும் இருக்கட்டும். இயற்பியலிலும் வேதியியலிலும் எளிய சயின்டிஃபிக் கால்குலேட்டரைத் தேர்வு மையமே கூடுதல் தாளோடு சேர்த்துக் கொடுக்கட்டும். எழுதி முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். கருவி மையத்தின் சொத்தாக இருந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பொத்தான், ஒரே திரை. கூடவே, வகுப்பில் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். தேர்வு நாளன்று முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் கருவியால் யாருக்கும் பயனில்லை. லாக் புத்தகத்தை ஹாலுக்குள் விட்ட வாரியங்கள் இதையும் செய்ய முடியும்; பாடத்திட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போதே செய்ய வேண்டும்.